ஒரு சொல், இரு தாயகம்: ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் காசும்



என் பிழை ஒன்றைச் சொல்லி இவ்வுரையைத் தொடங்குகிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த காலத்தில், கரும்பலகையில் ‘காசு’ என்று எழுதினேன். அதனருகே ‘கேஷ்’ என்று எழுதி, இடையில் ஓர் அம்புக்குறியும் இட்டேன். “ஆங்கிலேயன் நம்மிடம் கடன் வாங்கிய சொல் இது” என்று பெருமிதத்தோடு கூறினேன். வகுப்பு கைதட்டியது. நூல் எதையும் நான் புரட்டிப் பார்க்கவில்லை. என் ஆசிரியர் ஒருவர் கூறக் கேட்டிருந்தேன், அதனையே மீண்டும் கூறினேன்.

பத்தாண்டுகள் கழித்து, அவ்வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். வெளிநாட்டில் வணிகவியல் பயின்று திரும்பியிருந்தார். அங்கு ஒரு கலந்துரையாடலில் நான் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னாராம். விரிவுரையாளர் பெரிய அகராதியைத் திறந்து உரக்கப் படித்தாராம். அச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது என்று அதில் இருந்தது. உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். இதைச் சொன்ன மாணவர் குரலில் சினம் இல்லை. பிறகு அவர் கூறிய ஒரு வாக்கியம்தான் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: “ஐயா, மறுநாள் நூலகத்தில் அந்த அகராதியை நானே எடுத்துப் பார்த்தேன். அதே பக்கத்தில், சற்றுக் கீழே, நம் காசும் இருந்தது. அதை எடுத்துக் காட்ட அன்று எனக்குத் தெரியவில்லை.”

அம்மாணவர்க்கு நான் தந்தது பாதி உண்மை. அவர் சிரிப்புக்கு ஆளானது அப்பாதியால். விடுபட்ட மறுபாதியைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

பெட்டியில் பிறந்த சொல்

இன்றைய ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்பது கையிருப்புப் பணம், அதாவது தாளாகவும் நாணயமாகவும் உடனே எடுத்துக் கொடுக்கத்தக்க பணம். காசோலைக்கும் கடனட்டைக்கும் கடனுக்கும் மாறானது அது. தமிழில் இப்பொருளுக்கு நேரான சொல் ‘ரொக்கம்’. இச்சொல்லின் முதற்பொருள் பணம் அன்று, பணம் வைக்கும் பெட்டி என்பதே.

இலத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி, பேழை. பிடித்தல், கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது அது. ‘காப்சா’ இத்தாலிய மொழியில் ‘காசா’ ஆயிற்று, பிரெஞ்சு மொழியில் ‘கேஸ்’ ஆயிற்று. இவ்வடிவங்களின் வழியே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் புகுந்தது ‘கேஷ்’. அக்காலத்து வணிகர் வழக்கில் அது பணப்பெட்டியையும், அப்பெட்டியில் உள்ள பணத்தையும் ஒருங்கே குறித்தது. சேக்சுபியர் 1599ஆம் ஆண்டளவில் எழிய ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், கடன் பற்றிப் பூசலிடும் இரு வீரரின் உரையாடலில் இச்சொல் பணம் என்னும் பொருளிலேயே வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்டி என்னும் பொருள் மறைந்து, பணம் என்னும் பொருள் மட்டுமே எஞ்சியது.

கொள்கலத்தின் பெயர் உள்ளிருக்கும் பொருளுக்கு ஆகிவருவது நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. இடவாகுபெயர் என்று நாம் கற்பிக்கும் மரபினுள் இதனை அடக்கலாம். கடைக்காரர் பணம் போடும் பெட்டியைக் ‘கல்லா’ என்கிறோம், நல்ல வருவாய் ஈட்டியவரைக் ‘கல்லா கட்டிவிட்டார்’ என்கிறோம். பொன் வைத்துக் கட்டிய துணிமுடிப்பு ‘பொற்கிழி’. இன்று பொற்கிழி பெற்றார் என்றால் துணியை யாரும் நினைப்பதில்லை, பரிசையே நினைக்கிறோம். ஐரோப்பிய மொழிகளிலும் இப்போக்கு பரவலாக உண்டு. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தாக்கலாகும் ‘பட்ஜெட்’ முதலில் சிறு தோற்பையைக் குறித்த பிரெஞ்சுச் சொல். அரசின் வருவாயைக் குறிக்கும் ‘ஃபிஸ்கல்’ என்பதன் வேர், கூடை என்று பொருள்படும் இலத்தீன் சொல். பெட்டி பணமானது இவ்வரிசையில் மற்றொன்று.

‘காப்சா’வின் வழித்தோன்றல்கள் பல. பொருளை வைக்கும் உறையாகிய ‘கேஸ்’, சிறு பெட்டி என்று பொருள்படும் ‘கேசட்’, மருந்துக் குளிகையாகிய ‘கேப்சூல்’ ஆகியன எல்லாம் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் நீதிமன்றத்தில் நடக்கும் ‘கேஸ்’ இக்குடும்பத்தைச் சேராது. அது ‘வீழ்தல்’, ‘நேர்தல்’ என்று பொருள்படும் வேறோர் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்போ வேறு. எண்ணாகிய ‘ஆறு’ம் ஓடுகின்ற ‘ஆறு’ம் தமிழில் இவ்வாறு நிற்பதை மாணவர் அறிவர். இவ்வுண்மையை மனத்தில் இருத்துவோம். ‘கேஷ்’ என்னும் சொல்லின் புதிரை அவிழ்க்க அது பயன்படும்.

காசின் தொன்மை

இனி நம் காசுக்கு வருவோம். காசு என்பதற்குப் பொன், மணி, நாணயம், மகளிர் இடையில் அணியும் மணிவடம் எனப் பல பொருள் உண்டு. குறுந்தொகை 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் வளைந்த அலகில் உள்ள வேப்பம்பழத்திற்குப் பொற்காசு ஒன்றை உவமை ஆக்குகிறார். அக்காசு, புதிய நூலில் கோப்பதற்காகக் கூரிய நகங்களால் பற்றிய காசு. கோத்து அணியும் பொருளாகக் காசு இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. இன்றும் நம் இல்லங்களில் உள்ள ‘காசுமாலை’ அத்தொன்மையின் எச்சம் எனலாம்.

யாப்பிலக்கணம் பயின்றோர்க்குக் காசு மேலும் நெருக்கமானது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றைக் கொண்டு முடிய வேண்டும் என்பது விதி. வெண்பா எழுதப் பழகும் ஒவ்வொரு மாணவரும் காசை எண்ணித்தான் பாட்டை முடிக்கிறார்.

சோழர் கல்வெட்டுகளில் காசு வாழ்வின் நடுவில் நிற்கிறது. ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்னும் பெயர்களை அவற்றில் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகளுக்குக் காசு வட்டிக்கு விடப்பட்டதைப் பதிவு செய்துள்ளன. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று இன்றைய கணக்கில் சொல்லலாம். அன்று பொன்னாணயமாக விளங்கிய காசு, பிற்காலத்தில் மிகச் சிறிய செப்பு நாணயத்தின் பெயராக இறங்கியது.

காசின் மூலம் பற்றி அறிஞரிடையே இரு கருத்துகள் உண்டு. ‘கர்ஷ’ என்னும் வடமொழி நிறைப்பெயரிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் வழங்குவது கொண்டு திராவிடச் சொல்லே என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு தீராவிடினும், ஐரோப்பியர் நம் கடற்கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காசு தமிழில் நிலைபெற்றிருந்தது என்பதில் ஐயமில்லை.

போர்த்துகீசியர் நாவில்

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498இல். போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511இல். தென்னிந்தியத் துறைமுகங்களில் சில்லறை நாணயத்தின் பெயராகக் ‘காசு’ அவர்கள் செவியில் விழுந்தது. அவர்கள் அதனைக் ‘காய்ஷா’ என்று ஒலித்தனர், எழுதினர்.

‘காசு’ ஏன் ‘காய்ஷா’ ஆக வேண்டும்? காரணம் எளிது. போர்த்துகீசிய மொழியில் ‘காய்ஷா’ என்று ஒரு சொல் முன்னரே இருந்தது. அதன் பொருள் பெட்டி. அதன் மூலம் மேலே கண்ட இலத்தீன் ‘காப்சா’வே. அயற்சொல்லைக் கேட்கும் செவி, தனக்குப் பழகிய சொல் ஒன்றின் வடிவில் அதனை வார்த்துக்கொள்வது மொழிகளில் இயல்பாக நிகழ்வது. பெட்டியைக் குறித்த சொல்லின் சட்டையை நம் காசுக்கு அணிவித்தனர் போர்த்துகீசியர்.

அச்சட்டையோடு காசு கிழக்கே பயணம் செய்தது. மலாக்காவில் 1512 முதல் 1515 வரை தங்கியிருந்து நூல் எழுதிய தோமே பீரிஸ் என்னும் போர்த்துகீசியர், அங்கு வழங்கிய சிறு வெள்ளீய நாணயங்களை இப்பெயரால் குறிப்பிடுகிறார். சாவகத்திலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயங்களுக்கும் அப்பெயரே ஏறியது. டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது, கீழை நாட்டு நாணயத்தின் பெயராக அச்சொல் ஆங்கில வாசகரை அடைந்தது.

இங்கே காலத்தை நோக்குக. பெட்டி வழி வந்த ‘கேஷ்’ ஆங்கிலத்தில் வேரூன்றியதும், காசின் வழி வந்த சொல் ஆங்கில நூலில் தோன்றியதும் ஏறத்தாழ ஒரே காலம். ஒன்று இத்தாலிய, பிரெஞ்சு வணிகரின் கணக்கறையிலிருந்து வந்தது, மற்றொன்று இந்தியப் பெருங்கடலின் துறைமுகத்திலிருந்து வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைப் பெற்றன. ஆகவேதான் பெரிய ஆங்கில அகராதிகள் இவற்றை ஒரு சொல்லாகக் கொள்ளாமல், இரு தனிப் பதிவுகளாகத் தருகின்றன. என் மாணவர் நூலகத்தில் கண்டது இவ்விரண்டாம் பதிவையே. யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியமும் இந்நாணயப் பெயரைத் தமிழ்க் காசோடு இணைத்தே விளக்குகிறது.

நாணயங்கள் தரும் சான்று

இரண்டாம் ‘கேஷ்’ அகராதியில் மட்டும் வாழ்ந்த சொல் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கேடுகளில் அது நாள்தோறும் புழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது அங்கு வழங்கிய வாய்பாடு. ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. இவ்வாய்பாட்டில் வரும் ‘பணம்’ என்பதனையும் ஆங்கிலேயர் ‘ஃபனம்’ என்று எழுதினர். அதுவும் நம் சொல்லே. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய் முறைக்கு மாறியது.

கம்பெனி தன் செப்புக் காசுகளை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், நீராவிப் பொறியால் இயங்கிய சோகோ நாணயச்சாலையில் அச்சிடச் செய்தது. 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றின் ஒரு பக்கத்தில் கம்பெனியின் சின்னம் உள்ளது. மறுபக்கத்தில் உரோம எண்ணும் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் உள்ளன, மேலே பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்னும் வடிவமும் காணப்படுகிறது. நம் சொல் ஒரே நாணயத்தில் இரு வேற்றெழுத்துகளில் நிற்கிறது.

இந்நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல், 1809ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் மூழ்குநர் அக்கப்பலிலிருந்து காசுகளைப் பெருந்தொகையாக மீட்டனர். தமிழகத்து உழவரும் நெசவாளரும் கையாள வேண்டிய காசுகள் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக் காலம் ஆங்கிலேயரின் கடலடியில் கிடந்தன. நாணயச் சேகரிப்பாளர் அவற்றைப் பத்து ‘கேஷ்’, இருபது ‘கேஷ்’ என்றே இன்றும் அழைக்கின்றனர்.

திருவிதாங்கூர் அரசிலும் காசு நெடுங்காலம் வாழ்ந்தது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்பது அங்கு வழங்கிய முறை. அவ்வரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்த காலம் வரை ஒரு காசு, நான்கு காசு, எட்டுக் காசு நாணயங்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றிலும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றே பொறிக்கப்பட்டது.

சீனத்தின் நடுவில் சதுரத் துளையிட்ட வட்டச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலம் ‘கேஷ்’ என்றே அழைக்கிறது. இப்பெயர் சீன மொழியில் பிறந்ததன்று, போர்த்துகீசியர் வழி வந்த நம் காசே. சிங்கப்பூரில் நடந்த அகழாய்வுகளில் பழஞ்சீன நாணயங்கள் கிடைத்துள்ளன. அவற்றை ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று குறிப்பவர்கள், தம்மை அறியாமலே ஒரு தமிழ்ச் சொல்லை ஆள்கின்றனர்.

மூன்று வினாக்கள்

இரு மொழிச் சொற்கள் ஒத்து ஒலிக்கும்போது, ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்று முடிவு கட்டும் ஆசை யாவர்க்கும் எழும். ‘எட்டு’ என்பதற்கும் ஆங்கில ‘எய்ட்’ என்பதற்கும் உறவு காண்போர் உளர். ஆனால் அவ்வாங்கிலச் சொல்லுக்கு உறவாக ஜெர்மனில் ‘ஆக்ட்’, இலத்தீனில் ‘ஒக்டோ’, வடமொழியில் ‘அஷ்ட’ என நிற்கின்றன. பழைய வடிவத்தை நோக்கிச் செல்லச் செல்ல, எட்டோடு கொண்ட ஒப்புமை தேய்ந்து மறைகிறது. தற்செயல் ஒப்புமை என்பது இதுவே.

ஆதலின், சொற்பிறப்புக் கூறுமுன் மூன்று வினாக்களை எழுப்புமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். முதல் வினா காலம் பற்றியது: அச்சொல் அம்மொழியில் எப்போது, என்ன பொருளில் முதலில் காணப்படுகிறது? இரண்டாம் வினா வழி பற்றியது: எந்த வணிகர், எந்தத் துறைமுகம், எந்த இடைமொழி அதனைக் கொண்டு சென்றது? மூன்றாம் வினா வடிவம் பற்றியது: ஒவ்வொரு படியிலும் ஒலியும் பொருளும் மாறிய முறையைக் காட்ட இயலுமா?

பணம் என்னும் பொருளுடைய ‘கேஷ்’ தமிழ் என்று கூறின், அதன் முந்தைய பொருள் பெட்டி என்பதற்கு நம்மிடம் விடை இல்லை. நாணயப் பெயராகிய ‘கேஷ்’ தமிழ் என்று கூறின், மூன்று வினாவுக்கும் விடை உண்டு. காலம் பதினாறாம் நூற்றாண்டு. வழி தென்னிந்தியத் துறைமுகங்களும் போர்த்துகீசியமும். வடிவமோ பெட்டியைக் குறித்த சொல்லின் சாயலில் திரிந்தது.

இவ்வினாக்களைத் தாண்டி நிற்கும் தமிழ்ச் சொற்கள் நமக்குக் குறைவில்லை. ஆங்கிலத்தில் கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மலிகடானி’ ஆனது. மலாய் மொழியில் கடை ‘கெடாய்’ ஆனது, முதல் ‘மொடால்’ ஆனது, கப்பல் ‘காப்பால்’ ஆனது, பெட்டி ‘பெத்தி’ ஆனது. இவை எல்லாம் வணிகரும் மாலுமியரும் சுமந்து சென்ற சொற்கள். இவற்றின் நடுவே சான்றில்லாத ஒன்றைச் சேர்த்தால், சான்றுள்ளவற்றையும் பிறர் ஐயுறுவர். கள்ள நாணயம் ஒன்று கலந்துவிட்ட பையில், நல்ல நாணயத்தையும் கடைக்காரர் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவார்?

நிறைவாக

காசு நம்மிடமும் ஓய்ந்துவிடவில்லை. ‘செக்’ என்பதற்குக் ‘காசோலை’ என்றும், ‘கேஷியர்’ என்பதற்குக் ‘காசாளர்’ என்றும் சொல் அமைத்தோம். இவற்றுள் இரண்டாவது சிறப்புடையது. ஆங்கிலச் சொல்லின் பொருள் பெட்டியைக் காப்பவர், தமிழ்ச் சொல்லின் பொருள் காசை ஆள்பவர். வேர்கள் வேறாயினும், ஒலியும் பொருளும் அருகருகே வந்து அமர்ந்துவிட்டன. கடன் வாங்காமலேயே கைகோத்துக்கொண்ட சொற்கள் இவை.

சிங்கப்பூரில் நாம் ‘வெள்ளி’, ‘காசு’ என்று கணக்கிடுகிறோம். காப்பிக் கடையில் “ஒரு வெள்ளி ஐம்பது காசு” என்று சொல்கிறவர், போர்த்துகீசியர் நம் கரையில் கேட்ட அதே பொருளில், சிறு நாணயம் என்னும் பொருளில், அச்சொல்லை ஆள்கிறார். கைப்பேசியால் பணம் செலுத்தும் இக்காலத்தில் நாணயம் கைவிட்டுப் போகலாம். சொல்லைப் போகவிடாதிருப்பது நம் கையில் உள்ளது.

பணிநிறைவு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அதே பாடத்தை மீண்டும் நடத்தினேன். கரும்பலகை வெண்பலகை ஆகியிருந்தது. இம்முறை ‘கேஷ்’ என்பதனை இரண்டு முறை எழுதினேன். ஒன்றிலிருந்து பெட்டிக்கு ஓர் அம்புக்குறி, மற்றொன்றிலிருந்து காசுக்கு ஓர் அம்புக்குறி. யாரும் கைதட்டவில்லை. ஆனால் ஒரு மாணவி கையை உயர்த்தி, “அப்படியானால் ரொக்கம் எங்கிருந்து வந்தது, ஐயா?” என்று கேட்டார். அகராதியை எடுத்து வருமாறு அவரிடம் கூறினேன்.